பட்டுக் கவுண்டரில் மல்லிகா அக்காவின் இடம்

பரிசோதனை வேனுக்கு ஆள் சேர்ப்பது ஒரு விசித்திரமான பிழைப்பு: நன்றாக நடந்து போகிற பெண்களை வழிமறித்து, நோய் இருக்கிறதா என்று பார்க்கலாம் வாருங்கள் என்று சிரித்த முகத்துடன் கூப்பிட வேண்டும்.

தெருமுனையில் நின்று நோட்டீஸ் கொடுத்தவர்களுக்கும், வாசல் வாசலாகக் காலிங் பெல் அமுக்கிய சேல்ஸ்காரர்களுக்கும் என் பாடு புரியும். நம்மைப் பார்த்த நொடியில் எதிரில் வருகிறவருக்குப் போன் வந்துவிடும். மணி அடிக்காத போன். நான் எம்.ஏ. பொருளாதாரம் படிக்கிறேன், சனி, ஞாயிறுகளில் ஒரு தொண்டு நிறுவனத்தின் வேனோடு சுற்றுகிறேன். உள்ளே மார்பகத்தைப் படம் எடுக்கும் மிஷின், திரை போட்ட ஒரு சின்ன அறை, ரெஜினா சிஸ்டர். வண்டி ஓட்டுவது தாஜுதீன் பாய். வெளியே நின்று வாதம் செய்வது நான். அதற்காகத்தான் என்னைச் சேர்த்தார்கள் என்று பாய் சொல்வார்.

ஆனால் என் பாட்டைச் சொல்ல இதை எழுதவில்லை. அநியாயம் நடந்தது மல்லிகா அக்காவுக்கு. தி.நகரில் ஒரு பெரிய ஜவுளிக்கடையின் பட்டுக் கவுண்டரில் இருந்தவர். எங்கள் வேனில்தான் அவருக்குப் புற்றுநோய் இருப்பது தெரிந்தது. ஆரம்பத்திலேயே தெரிந்ததால் சிகிச்சை முடிந்து பிழைத்து வேலைக்குத் திரும்பினார். திரும்பியவருக்குப் பழைய இடத்தைக் கொடுக்காமல் கோடவுனுக்கு அனுப்பிவிட்டார்கள். பிழைத்து வந்ததற்கு இது தண்டனையா என்று பார்த்தவரிடமெல்லாம் கேட்டேன். பதில் வர நாளாயிற்று. அதற்குள் எங்கள் பிழைப்பு எப்படிப்பட்டது என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

செவுள்

மயிலாப்பூரைத் தாண்டிக் கடற்கரையோரம் மீன் விற்கிற இடத்தில் ஒரு காலை வேனை நிறுத்தியிருந்தோம். அந்தோணியம்மா என்று ஒரு அக்கா. ஐம்பதை ஒட்டிய வயது, கூடை நிறைய சங்கரா மீன். "பத்து நிமிஷம்தான்க்கா, வாங்க" என்றேன். "நான் நல்லாத்தானே கீறேன்? நல்லா கீறவளுக்கு இன்னாத்துக்கும்மா டெஸ்ட்டு?" என்றார்.

வாதம் என்று வந்தால் நான் விடமாட்டேன். "உங்ககிட்ட மீன் வாங்க வர்றவங்க செவுளைத் தூக்கிப் பார்க்காம வாங்கறாங்களா? மேலுக்குப் பளபளன்னு இருந்தாலும் உள்ள பார்க்கறாங்க இல்ல?" காலேஜ் பேச்சுப் போட்டியில் இப்படி ஒரு உவமை விழுந்திருந்தால் கைதட்டல் எழுந்திருக்கும். இங்கே சுற்றியிருந்த பெண்கள் எல்லாரும் என்னை விட்டுவிட்டு அந்தோணியம்மாவின் வாயைப் பார்த்தார்கள். அவர் அரிவாள்மணையிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்: "மீனு செத்தப்புறம்தாமா செவுளைத் தூக்கிப் பாக்குறாங்கோ. என்னை இப்பவே ஏன் தூக்கிப் பாக்குற?"

காலண்டர்

அன்று நானும் சேர்ந்துதான் சிரித்தேன். வேனில் திரும்பும்போது சிரிப்பு நின்றுவிட்டது. வலி வந்து, புண் வந்து, வீட்டார் பார்த்து அலறிய பிறகு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்களை ரெஜினா சிஸ்டர் வருடக்கணக்காகப் பார்த்தவர். அவர் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். நல்ல பதில் சொன்னவர்கள் எல்லாரும் பிழைத்துக்கொள்வதில்லை.

அடுத்த வாரம் அடையாறில் ஒரு பூங்கா வாசல். வேக நடை முடித்து வந்த ஒரு சார் நின்று எல்லாம் விசாரித்தார். மிஷின் எந்த ஊர், கதிர்வீச்சு எவ்வளவு, படத்தை யார் பார்த்துச் சொல்வார். பின்னால் அவர் மனைவி, ஒரு கையில் அவருடைய தண்ணீர் பாட்டில், மறு கையில் அவருடைய துண்டு. "மேடம், உங்களுக்குப் பார்த்துடலாமா?" என்று அந்த அம்மாவைக் கேட்டேன். சார் சொன்னார்: "அவளுக்கு ஒண்ணும் இல்லம்மா. இருந்தா எனக்குத் தெரியாதா?"

உங்கள் உடம்பா சார் அது என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அந்த அம்மா பாட்டிலையும் துண்டையும் அவர் கையில் வைத்தார். சண்டையாகச் சொல்லவில்லை, ரொம்ப நாளாக யோசித்து வைத்ததைப் போலச் சொன்னார்: "உங்க சுகர் டெஸ்ட்டை மாசாமாசம் காலண்டர்ல நான் வட்டம் போட்டு வைக்கிறேன். எனக்கு யாரும் வட்டம் போடலைங்க, அதான் நானே போறேன்."

கோடவுன்

இனி தி.நகர். அந்தக் கடையில் வருடம் ஒருமுறை முகாம். வாசலில் ரோஸ் நிற ரிப்பன் படம் போட்ட பேனர், 'எங்கள் பெண்களின் நலம் எங்கள் பெருமை' என்று. போன வருடம் இதே முகாமில், கவுண்டரில் கூட்டமில்லாத ஒரு மதியம், சும்மா பார்ப்போமே என்று இறங்கி வந்தவர்தான் மல்லிகா அக்கா. கட்டி கைக்குத் தட்டுப்படக்கூட இல்லை. படத்தில்தான் தெரிந்தது. அரசாங்கக் காப்பீட்டில் சிகிச்சை நடந்தது. இடது மார்பை எடுக்க வேண்டியிருந்தது. ஆனால் நோய் வேறெங்கும் போகவில்லை.

அவரைக் காட்டி எல்லாரையும் கூட்டிவிடலாம் என்று இந்த வருடம் உற்சாகமாகப் போனேன். பட்டுப் பிரிவிலிருந்து ஒருத்தர்கூட இறங்கவில்லை. மேலே போனால் ஆளுக்கொரு புடவையை மடிக்கிறார்கள், என் கண்ணைப் பார்க்கவில்லை. பட்டுக் கவுண்டரில் சீனியர் கஸ்தூரி அக்கா. சைதாப்பேட்டைக்காரர், வாய்க்குப் பயப்படாதவர். "போன வருஷம் மல்லிகா அக்கா வந்து பிழைச்சிருக்காங்க, நீங்க ஏன் வரமாட்டேங்கறீங்க?" என்று அவரிடம் கேட்டேன். அவர் மடித்த புடவையைத் தட்டி வைத்தார். "அவங்க இப்ப எங்க கீறாங்கன்னு பாத்தியா நீ? டெஸ்ட் எடுத்தா நோய் தெரியும்னு நீ சொல்ற. இங்க இருந்து பாத்தா எங்களுக்கு கோடவுன்தாம்மா தெரியுது."

தோளுக்கு ஏறிய கை

கோடவுன் கடைக்கு அடியில். ட்யூப்லைட் வெளிச்சம், சாக்குத் துணி வாசனை. வந்திறங்கும் பண்டல்களை மல்லிகா அக்கா பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். ஓய்வாக இருக்கட்டும் என்றுதான் கீழே போட்டோம் என்பது கடைக்காரர்களின் விளக்கம். இடது அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்த ஒருவர், அந்தக் கையால் திடீரென்று கனம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லி அனுப்பிய ஒருவர், பண்டல் தூக்குவது ஓய்வாம்! எனக்கு வந்த கோபத்தில் அங்கேயே ஒரு கூட்டம் போட்டிருப்பேன். அவர்தான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

பட்டுக் கவுண்டரில் வேலை எப்படி என்று புடவை வாங்கிய எல்லாருக்கும் தெரியும். விரித்துக் காட்டினால் மட்டும் போதாது. முந்தானையை மடித்துத் தன் இடது தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன் நின்று காட்ட வேண்டும். அப்போதுதான் கஸ்டமர் கண்ணில் புடவை புடவையாகும். அதில் மல்லிகா அக்காவை அடித்துக்கொள்ள அந்த மாடியில் ஆளில்லை. ஆபரேஷனுக்குப் பிறகு கை தோளுக்கு மேல் எழவில்லையாம். சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே மேலே கொண்டுபோகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். வலியில் பாதியில் விட்டுவிடுவாராம். ஒரு நாள் வீட்டில் தன் கல்யாணப் புடவையை எடுத்து, வழக்கமாக மடிப்பதைப் போல மடித்து, தோளில் போட்டுப் பார்த்திருக்கிறார். சுவருக்கு எழாத கை அதற்கு எழுந்திருக்கிறது. தினமும் அதையே செய்திருக்கிறார்.

சொல்லிவிட்டுக் கையைத் தூக்கிக் காட்டினார். முழுதாகப் போனது. இறக்கி மடியில் வைத்துக்கொண்டார். "கவுண்டருக்கு வரணும்னுதாம்மா இந்தக் கையைத் தூக்கக் கத்துக்கிட்டேன். தூக்க வந்தப்புறம் மூட்டையைக் கொடுத்துட்டாங்க."

மேனேஜர் வேலை

மேனேஜரிடம் போனேன். பெயர் வேண்டாம், நல்ல மனிதர் என்றே எல்லாரும் சொல்கிறார்கள், அதுதான் சிக்கல். குளிரக் குளிர மோர் வாங்கிக் கொடுத்தார். புற்றுநோய் தொற்றாது என்றேன். "கரெக்ட்" என்றார். சிகிச்சை முடிந்தவரை நோயாளி என்று ஒதுக்குவது உரிமை மீறல் என்றேன். "நூத்துக்கு நூறு." டாக்டரே வேலைக்குப் போகலாம் என்று சொல்லியிருக்கிறார் என்றேன். "சந்தோஷம்." எதிர்க்காத ஆளோடு வாதம் செய்து பாருங்கள், உங்களுக்கும் மூச்சு முட்டும்.

கடைசியில் அவராகவே சொன்னார். அது முகூர்த்தப் பட்டு விற்கிற கவுண்டர். கல்யாணப் புடவையை முதலில் யார் தோளில் போட்டுக் காட்டுகிறோம் என்பதைப் பெண் வீட்டார் கவனிப்பார்களாம். சீக்கு வந்த உடம்பில் போட்ட புடவை என்று தெரிந்தால் மனசுக்கு ஒரு மாதிரி இருக்குமாம். சகுனம் பார்க்கிற இடமாம். "எந்தக் கஸ்டமர் சார் அப்படிச் சொன்னாங்க? ஒருத்தர் பேரைச் சொல்லுங்க" என்று மேஜையைத் தட்டினேன். மோர் டம்ளர் ஆடியது. அவர் அதைப் பிடித்து நிறுத்திவிட்டு நிதானமாகச் சொன்னார்: "யாரும் சொல்லலைம்மா. சொல்றதுக்கு முன்னாடியே நகர்த்தி வைக்கிறதுதானே மேனேஜர் வேலை."

வலிக்காத கட்டி

படியிறங்கும்போது பின்னால் செருப்புச் சத்தம். கஸ்தூரி அக்கா. திருப்பத்தில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு, வேறு யாருக்கோ கேட்பதைப் போலக் கேட்டார், "கட்டி வலிக்கலைன்னா ஒண்ணும் இல்லதானே?" வலிக்கவில்லை என்பதால் ஒன்றுமில்லை என்று அர்த்தமில்லை, இப்போதே வாங்க என்று கையைப் பிடித்தேன். எத்தனை நாளாக இருக்கிறது என்று கேட்டேன். கையை உருவிக்கொண்டார். "மொதல்ல அக்காவை மேல கூட்டிக்கினு வா. அவங்க நின்ன எடத்துல அவங்க நிக்கட்டும், அப்பால நாங்க எல்லாம் எறங்கி வரோம். இல்லாட்டி உன் வேன் காலியாத்தான் போவும்." அவர் ஒருத்தி மட்டுமில்லை, மாடி முழுக்கப் பேசி முடிவெடுத்திருந்தார்கள். மேனேஜரிடமும் அதையே சொல்லிவிட்டார்கள். முகாமின் விளம்பரப் படங்களில் பெண்கள் இல்லாமல் முதலாளி வீட்டார் மட்டும் நின்றால் எப்படி இருக்கும் என்று அவர் கவலைப்பட்டிருக்க வேண்டும்.

என்னில் பாதி கைதட்டியது. மறுபாதி கஸ்தூரி அக்காவை அப்படியே தூக்கிக்கொண்டு வேனில் போட்டுவிடத் துடித்தது. ஒரு பெண் தன் உடம்பைப் பணயம் வைத்து இன்னொரு பெண்ணுக்கு நியாயம் கேட்கிறாள். நான் எந்தப் பக்கம் நின்று பேசுவது? பேச்சுப் போட்டியில் ஒரு தலைப்பும் இப்படிக் கொடுத்ததில்லை. கீழே வந்து சிஸ்டரிடம், "அவங்க கேக்கறது நியாயம்தானே சிஸ்டர்?" என்றேன். ரெஜினா சிஸ்டர் கையுறையைக் கழற்றிப் போட்டார். "நியாயம்தான்மா. ஆனா உள்ள இருக்கிற கட்டிக்கு வெளிய நடக்கிற போராட்டம் தெரியாதே."

கண்ணாடி

மேனேஜர் இறங்கி வந்தார், பாதி மட்டும். அடுத்த ஞாயிறு ஒரு நாள் மல்லிகா அக்கா கவுண்டரில் நிற்கட்டும், ஒரு புகாரும் வராவிட்டால் மேற்கொண்டு பார்க்கலாம். அன்று வேனைப் பக்கத்துச் சந்தில் நிறுத்தினோம். நான் மாடியில் ஒரு தூண் ஓரமாக நின்றேன். பட்டுப் பிரிவுப் பெண்கள் எல்லாரும் மடிப்பது போல் பாவனை செய்துகொண்டு ஒரே கண்ணாடியைப் பார்த்தார்கள். மேனேஜர், கஸ்டமருக்கும் அக்காவுக்கும் நடுவில் பாய்ந்து விழத் தயாராக, ஓரமாக உலாவினார்.

பதினொரு மணி வாக்கில் மயிலாப்பூரிலிருந்து ஒரு மாமி, கல்யாணப் பெண்ணான மகளோடு வந்தார். மாமியைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. நெற்றியில் குங்குமம், வாயில் ஓயாமல் "எமகண்டத்துக்கு முன்னாடி பில் போட்டாகணும்". இவரிடமா முதலில் மாட்ட வேண்டும்? மல்லிகா அக்கா அரக்குப் பட்டை விரித்தார். மடித்தார். இடது கை கொஞ்சம் தயங்கி எழுந்தது. மாமியின் கண் அதில் நின்றது.

"ஏம்மா, கை வலியா?"

பொய் சொல்லியிருக்கலாம். சுளுக்கு என்றால் முடிந்திருக்கும். "ஆபரேஷன் ஆச்சும்மா" என்றார் மல்லிகா அக்கா. "புற்றுநோய். ஆரம்பத்துலயே பார்த்துட்டாங்க. இப்ப நல்லா இருக்கேன்."

மேனேஜர் பாய்ந்தேவிட்டார். "ஸாரி மேடம், வேற பொண்ணு காட்டுவா. கஸ்தூரி, வேற பீஸ் எடும்மா, இதை மடிச்சு வை." மல்லிகா அக்காவின் கை தோளிலிருந்து இறங்கத் தொடங்கியது.

மாமி அந்தக் கையைப் பிடித்து, இருந்த இடத்திலேயே வைத்தார். "ஏன் ஸார் இப்படிப் பதர்றேள்? அவ்வளவு பெரிய வியாதியைப் போ போன்னு விரட்டிட்டு வந்து நிக்கறா. என் பொண்ணு கட்டிக்கப் போற புடவைக்கு இதைவிட என்ன நல்ல சகுனம் வேணும்? செத்த தள்ளி நில்லுங்கோ, கண்ணாடியை மறைக்கறேள்."

மேனேஜர் தள்ளி நின்றார். அந்தப் புடவையே பில்லுக்குப் போனது. கஸ்தூரி அக்கா கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டுப் படியிறங்கினார். பின்னாலேயே மற்றவர்கள் கூட்டம் கூட்டமாக. அவருடையது வெறும் கொழுப்புக் கட்டி என்று பிறகு சோதனையில் தெரிந்தது. அதைக் கேட்டதும் சிஸ்டரின் தோளில் சாய்ந்து அழுதுவிட்டார். ராத்திரியில் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு எத்தனை மாதம் தூங்காமல் இருந்தாரோ. மல்லிகா அக்கா இன்றும் அதே கண்ணாடி முன்னால்தான் நிற்கிறார்.

ஆனால் அன்று எனக்கு மனசு ஆறவில்லை. உரிமை என்று நான் சொன்னபோது மோர் கொடுத்தவர், சகுனம் என்றதும் நகர்ந்தாரே! மாமியை லிஃப்ட் வாசலில் பிடித்து, "ரொம்ப நன்றி மாமி. ஆனா சகுனம்னு ஒண்ணு கிடையாது" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "சரி, இல்லை. அதனால என்ன?" என்றார். என் வேலை நினைவுக்கு வந்தது. "நீங்க டெஸ்ட் எடுத்தாச்சா மாமி?"

அதுவரை தயங்காத வாய் முதல்முறையாகத் தயங்கியது. "கல்யாணம் முடியட்டும்டீம்மா. இப்போ போய் இதெல்லாம்..."

கல்யாணம் முடியட்டும், பரீட்சை முடியட்டும், தீபாவளி முடியட்டும். இந்தத் தொழிலில் நாங்கள் தினமும் கேட்கும் பதில். ஆரம்பத்தில் பிடித்திருக்க வேண்டியதெல்லாம் இந்த 'முடியட்டும்'களுக்குள்தான் வளர்கிறது. சட்டம், விஞ்ஞானம், புள்ளிவிவரம் எல்லாம் நாக்கின் நுனிக்கு வந்தன. எல்லாவற்றையும் விழுங்கிவிட்டு, என் வாயால், என் காது கேட்க, "முகூர்த்தத்துக்கு முன்னாடி பார்த்துட்டா ரொம்ப நல்ல சகுனம் மாமி" என்றேன்.

மாமி சிரிக்கவில்லை. மகளைப் பார்த்தார். வேன் எங்கே நிற்கிறது என்று கேட்டார்.

சகுனத்தில் துளியும் நம்பிக்கையில்லாத நான், அன்று மதியம் ஒரு முகூர்த்தப் பட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சந்தில் காவல் நின்றேன், ஏனென்றால் வேன் படியேறும்போது என் வாதத்துக்கெல்லாம் பதிலாக மாமி சொன்னது இவ்வளவுதான்: "நம்பிக்கை இல்லாதவளே, இந்தப் பையைப் பிடி, நான் வர்ற வரைக்கும் கீழே வைக்காதே."